வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

என் மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித் தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நேற்று சாயங்காலம் நீ போனை வைத்ததிலிருந்து நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. "டாக்டராண்ட போலாமா?" என்று உங்கப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார். இது டாக்டர் பார்க்கிற வியாதி இல்லை. பயம். வெறும் பயம். நான் எட்டாவதோடு நின்றவள், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. பாதியிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

ஜவ்வரிசி மில்லில் உனக்கு ஃபீல்டு ஆபீசர் வேலை கிடைத்தபோது இந்தத் தெருவில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவள் ஒருத்தியும் இல்லை. கச்சிராயபாளையம் கடைத்தெருவுக்கு நடந்தே போய் மிட்டாய் வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தேன். உன்னை வெள்ளிமலையில் போட்டிருக்கிறார்கள் என்றதும்கூட, பக்கத்தில்தானே, மலை ஏறினால் பிள்ளையைப் பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம் நீ நம் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனாயே, மில்லுக் கிழங்கு நடுகிற குச்சிகள், கரணைக் கட்டுகள், அவற்றுக்கு நான்தான் சாக்கு நனைத்துப் போட்டு வாடாமல் பார்த்துக்கொண்டேன். திங்கட்கிழமை மலையில் நடவு தொடங்கும், ஞாயிற்றுக்கிழமை லாரி வந்து ஏற்றிக்கொள்ளும் என்று நீ சொன்னதெல்லாம் எனக்குச் சம்மதம்தான். நேற்று நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய் பார், அதற்குத்தான் எனக்குச் சம்மதம் இல்லை. "மல மேல எவனுக்கும்மா சாமை வேணும்? ரேஷன் அரிசி வந்துக்கினு கீது. அவரை, பூசணின்னு வூட்ட சுத்தி சொம்மா எடத்த அடச்சி வச்சிக்கீறாங்க. எல்லாத்தையும் எடுத்துட்டு வாசப்படி வரைக்கும் கரணை ஊனிட்டா எனக்கு டார்கெட் முடிஞ்சிடும்."

வாசப்படி வரைக்கும். இந்த வார்த்தையை இந்த வீட்டில் நீதான் முதலில் சொன்னாய் என்று நினைக்காதே. நான் போனில் கத்தினேன். "நீ இன்னாமா, எதுக்கெடுத்தாலும் பயந்துக்கினு" என்று வைத்துவிட்டாய். எரிச்சல் வரத்தான் செய்யும். எதற்காகக் கத்துகிறேன் என்று நான் உனக்குச் சொன்னதே இல்லையே. இருபத்து மூன்று வருஷமாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் அக்கா தேவி காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அது பொய். அவளுக்கு ஒரு காய்ச்சலும் இல்லை. அன்றைக்குக் காலையில்கூட ஜடையில் ரிப்பன் வைத்துக் கட்டச் சொல்லி என்னிடம் சண்டை போட்டாள்.

நம் வீட்டுப் பின்பக்கம் இப்போது எப்படி இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். தேவி இருந்தபோதும் முதலில் அப்படித்தான் இருந்தது. சுவரிலிருந்து வாய்க்கால் வரைக்கும் தின்கிற பயிர். அவரைப் பந்தல், நாலு வரிசை துவரை, ஓரமாகக் கேழ்வரகு, அம்மிக்கல்லை ஒட்டித் தின்கிற குச்சிக்கிழங்கு, உன் ஆபீஸில் மரவள்ளி என்பீர்களே, அது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மில்லுக்குப் போகிற குச்சிக்கிழங்கு. இரண்டும் செடியாக நிற்கும்போது அக்கா தங்கை மாதிரி இருக்கும். மில்லுக் கிழங்கில் கசப்பு ஜாஸ்தி, மாவும் ஜாஸ்தி. மில்லில் அதை அரைத்து, தண்ணீர் விட்டு அலசி அலசி மாவாக்கிவிடுவார்கள், அப்போது அதில் விஷம் இருக்காது. அதையே பிடுங்கி அடுப்பில் சுட்டுத் தின்றால் ஆளைச் சாய்த்துவிடும். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வாய்க்கால் ஓரமாக ஆமணக்கு வரிசை வைப்பார்கள். இது நம் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை, தெரு முழுக்க அப்படித்தான். காம்பைப் பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியும். குழந்தைக்குத் தெரியுமா? அதனால் குழந்தைகளுக்குச் செடியைக் காட்டிச் சொல்லமாட்டோம். இடத்தைக் காட்டித்தான் சொல்லுவோம். தேவி நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் காதில் ஓதினேன். "வாய்க்காலுக்கு இந்தாண்ட இருக்கறது நம்ம துன்ற கெழங்கு. அந்தாண்ட இருக்கறது மில்லுது. வாய்க்காலத் தாண்டினா காலை ஒடச்சிடுவேன்."

உனக்கு மூன்று வயது நடக்கும்போது ஒரு மில்லிலிருந்து ஆள் வந்தான். நல்ல ஆள்தான், உன்னை மாதிரியே பேண்ட் சட்டை, உன்னை மாதிரியே சிரிப்பு. எவ்வளவு கரணை ஊனினாலும் மொத்தக் கிழங்கையும் எடுத்துக்கொள்கிறோம் என்றான். உங்கப்பா பின்பக்கம் போய் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். "இன்னாத்துக்கு இந்த எடம் வீணா கெடக்குது? வாசப்படி வரைக்கும் ஊனிடலாம்" என்றார். பழியை அவர் மேல் போட்டுவிடலாம், போட்டும் இருக்கிறேன், பல வருஷம் போட்டிருக்கிறேன். ஆனால் அவர் கேட்டது என்னைத்தான். நான்தான் சரி என்றேன். கூரை வீட்டை ஓட்டு வீடாக்க வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை. அவரைப் பந்தலை நானே பிரித்துப் போட்டேன். ஆமணக்கை அவர் வெட்டினார், நான் இழுத்துப்போட்டேன். அம்மிக்கல் பக்கத்தில் இருந்த தின்கிற கிழங்கைப் பிடுங்கி அன்றைக்கே வேகவைத்துத் தின்றோம். தேவி நாலு துண்டு தின்றாள். அதே குழியில் மில்லுக் கரணையை என் கையால் ஊனினேன். தெருவில் எங்களைப் பார்த்து மற்றவர்களும் ஊனினார்கள். மழை வந்தது, செடி மளமளவென்று வந்தது, எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. இந்தாண்டை இருப்பதும் இப்போது மில்லுக் கிழங்குதான், தொடாதே என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஒரு எச்சரிக்கைகூட வந்தது, கேள். பக்கத்து வீட்டு அஞ்சலை, உன்னை அத்தனை ஆசையாகத் தூக்கிக்கொண்டு திரிந்த அதே அஞ்சலைதான், அவளுடைய ஆடு நம் பின்பக்கம் வந்து தழையைக் கடித்துவிட்டு, அம்மிக்கல் கிட்டேயே விழுந்து காலை உதறியது. அவள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "குழந்தைங்க பொழங்கற எடத்துல இத்தப் போயி ஊனி வச்சிக்கீறமே, நமக்கு புத்தி கீதா?" என்றாள். நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "உன் ஆட்ட கட்டி மேய்க்கத் துப்பில்ல, என் கொல்லைய கொற சொல்ல வந்துட்டா" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். பத்து நாள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. பதினோராம் நாள் நடந்தது.

அந்த வருஷம் ஆரம்ப மழையோடு சரி, அப்புறம் வானம் ஏமாற்றிவிட்டது. செடி வாடினால் கிழங்கில் கசப்பு இன்னும் ஏறும். நானும் உங்கப்பாவும் ஏரிக்கரைப் பக்கம் கூலிக்குக் களையெடுக்கப் போயிருந்தோம். உன்னை அவளிடம் விட்டுவிட்டுப் போனேன். அவளுக்கு எட்டு வயது. காலையில் வைத்த கஞ்சியை நீங்கள் இரண்டு பேரும் குடித்தாகிவிட்டது. வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் ஒன்றும் இல்லாத நாளில் பின்பக்கம் போனால் அவரைக்காயோ கிழங்கோ ஏதோ ஒன்று இருக்கும். மதியத்துக்கு மேல் அஞ்சலை வரப்பில் ஓடி வருவதைப் பார்த்தேன். பேச்சு இல்லாதவள் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்தாள். களைக்கொட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அடுப்புத் தணலில் கிழங்குத் தோல் கிடந்தது. நீ வாந்தி எடுத்து, எடுத்ததிலேயே உட்கார்ந்திருந்தாய். அவள் சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். தலை நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் அடிப்பேன் என்று பயந்துவிட்டாள் போல. "தம்பி பசி பசின்னு அழுதாம்மா" என்றாள். அப்புறம் சொன்னாள், "நான் வாய்க்காலத் தாண்டலம்மா."

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் எழுந்து போய்விட்டேன். திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அஞ்சலையின் புருஷன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் என்னையும் உங்கள் இரண்டு பேரையும் வைத்து ஓட்டினான். உங்கப்பா பின்னாலேயே ஒரு ஆட்டோ பிடித்து வந்தார். கள்ளக்குறிச்சிக்குப் பாதி வழியிலேயே தேவி என் மடியில் கனத்துப்போய்விட்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் அவன் வண்டியை நிறுத்திவிடுவானோ என்று வாயை மூடிக்கொண்டு உன் முதுகைத் தட்டிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன் கண்ணை விரித்துப் பார்த்து, "இன்னாம்மா சாப்ட்டான்?" என்று கேட்டார்கள். உங்கப்பா, "காலைல கஞ்சிதாங்க, வேற ஒண்ணும் இல்லீங்க" என்றார். போலீஸ் கேஸாகிவிடும், பெற்ற பிள்ளைக்கு விஷம் வைத்தோம் என்பார்கள் என்ற பயம் அவருக்கு. எனக்கும் அதே பயம். நானும் நின்றேன், மகனே. நீ அங்கே கட்டிலில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறாய், நான் வாயைத் திறக்காமல் நின்றேன். ஒரு நிமிஷமோ, ஐந்து நிமிஷமோ, தெரியாது. அப்புறம்தான், "கெழங்குங்க, மில்லுக் கெழங்க சுட்டுத் துன்னுட்டுதுங்க" என்று அலறினேன். அவர்கள் ஓடி ஓடி வைத்தியம் பார்த்தார்கள். நீ பிழைத்தாய். அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் நீயும் எனக்கு இல்லை. கிழங்கு வாசனை வந்தாலே உனக்குக் குமட்டுகிறதே, "இவனுக்கு கெழங்குன்னா ஆகாது" என்று எல்லாரும் சிரிப்பார்களே, அது உன் உடம்பு மறக்காமல் வைத்திருக்கிறது.

ஏன் மறைத்தோம் என்று கேட்பாய். தெரு முழுக்கத் தெரியும், உனக்கு மட்டும் தெரியாது. "அவன் அழுததாலதான் அவ போயி புடுங்கினான்னு எவளாச்சும் எம்புள்ள காதுல போட்டீங்க, நான் கெணத்துல வுழுந்துடுவேன்" என்று நடுத்தெருவில் நின்று சொன்னேன். ஒருத்தியும் சொல்லவில்லை. எங்கே எவர் வாயிலாவது வந்துவிடுமோ என்றுதான் ஆறாவதுக்கே உன்னைத் திருக்கோவிலூர் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டேன். படிப்புக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தாய். நீ மூன்று வயதுக் குழந்தை, பசித்தால் அழத்தான் அழுவாய். உன் மேல் ஒரு துளிகூடக் குற்றம் இல்லை. இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படி.

காரியம் முடிந்த மறுநாள் அஞ்சலை மண்வெட்டியோடு தன் வீட்டுப் பின்பக்கம் இறங்கினாள். சுவரிலிருந்து வாய்க்கால் வரைக்கும் இருந்த மில்லுக் கிழங்கு அத்தனையும் பிடுங்கி எறிந்தாள். விளைந்து வர இன்னும் மாசங்கள் இருந்தன. அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு. நான் எங்கள் பின்பக்கத்துக்குப் போகவே இல்லை, அவர்களே வந்து பிடுங்கினார்கள். பிடுங்கியாகிவிட்டது, திரும்ப ஊனத் தின்கிற கிழங்குக் கரணைக்கு எங்கே போவது? ஒரே ஒரு வருஷம்தான் நாங்கள் விட்டோம். அதற்குள் தெருவில் ஒரு குச்சி இல்லை. அவரை விதையைக்கூடத் தின்று தீர்த்திருந்தார்கள்.

நாங்கள் ஐந்து பெண்கள் பஸ் ஏறி மலைக்குப் போனோம். வெள்ளிமலையில் இறங்கி உள்ளே நடந்தோம். யாரையும் தெரியாது. ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டோம். அந்த வீட்டைச் சுற்றி நம் பழைய பின்பக்கம் மாதிரியே இருந்தது, அவரை, பூசணி, தின்கிற கிழங்கு. தள்ளி மேட்டில் சாமை. அதற்கும் அந்தப் பக்கம், ஓடை தாண்டி, மில்லுக் கிழங்கு. அந்த வீட்டம்மா எங்கள் கதையை முழுசாகக் கேட்டாள். எழுந்து போய் ஐந்து கட்டு கரணை வெட்டிக் கொண்டுவந்து போட்டாள். ஒரு மடி சாமை விதை, அவரை விதை. இன்னா குடுக்கணும் என்று அஞ்சலை கேட்டதற்கு, "குச்சிக்கு இன்னாத்த கேக்கறது? ஊனுங்க, துன்னுங்க. எங்களுக்கு இல்லாம போனா நாங்க வந்து ஒங்களாண்ட கேக்கறோம்" என்றாள். நம் அம்மிக்கல் பக்கத்தில் இப்போது நிற்கிற கிழங்கு அந்தக் குச்சியில் வந்தது.

நீ லீவுக்கு வரும்போதெல்லாம் "வெட்டிக் கொல்லை" என்று கேலி பண்ணுவாயே, ஏரிக்கரையில் நாங்கள் பெண்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த சோத்துக் கொல்லை, அதுவும் அப்போது தொடங்கியதுதான். சொந்தப் பின்பக்கம் இல்லாத வீடுகள் இருக்கின்றனவே, அவர்கள் குழந்தைகள் எங்கே போய்ப் பறிப்பார்கள்? அங்கே ஒரே ஒரு சட்டம். குழந்தை பறித்து அப்படியே தின்றாலும் ஒன்றும் ஆகாததைத்தான் ஊனவேண்டும். விளைந்தது முதலில் தெருவுக்கு, மிச்சம்தான் கள்ளக்குறிச்சி உழவர் சந்தைக்கு. ஊரடங்கு போட்டு பஸ் நின்றுபோன மாசங்களில் இந்தத் தெருவில் ஒரு அடுப்பும் அணையவில்லை. அப்போது நீயும் அதில்தான் தின்றாய், கேலியும் பண்ணினாய்.

மில்லுக் கிழங்கே ஊனாதே என்று நான் சொல்லவில்லை. அந்தக் கிழங்குதான் உன்னைப் படிக்கவைத்தது, அதை நான் மறுக்கமாட்டேன். ஓடைக்கு அந்தப் பக்கம் ஊனு, தாராளமாக ஊனு. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும்போது உன் ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் அந்த வீட்டம்மாவைக் கேள், உங்க புள்ளைங்க எது வரைக்கும் போய்ப் பறிச்சித் துன்னும் என்று. அவள் கையைக் காட்டுவாள். அந்தக் கைக்கு உட்பட்ட இடத்தில் ஒரு கரணைகூட ஊனாதே. அவர்களே ஊனச் சொன்னாலும் ஊனாதே. நானும் நானேதான் ஊனச் சொன்னேன். சாமைக்கு ரேட் இல்லை என்று அவர்களிடம் சொல்லாதே. அந்த விதை ஒரு வருஷம் விட்டால் போய்விடும். நாங்கள் கேட்டுப் போக அந்த மலை இருந்தது. அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? நம் தெருவிலா? நம்மிடம் அத்தனை பேருக்குக் கொடுக்க எங்கே இருக்கிறது?

கரணைக் கட்டுகளைக் கொளுத்திவிடலாமா என்றுகூட நேற்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். உங்கப்பா பார்த்துவிட்டு, "இன்னா பண்ணப்போற?" என்றார். அவர் வந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார். "அவனாண்ட சொல்லிடு" என்றார். தேவி போன பிறகு அவர் அதைப் பற்றி வாய் திறந்தது நேற்றுதான். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆஸ்பத்திரில நான் பொய் சொன்னதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

லாரிக்காரர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். கட்டுகளோடு இதுவும் உன்னிடம் வந்துசேரும். படித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்லி வளர்த்தாயே என்று பேச்சை நிறுத்திவிடுவாயா, நான் அழுததால்தானா என்று உடைந்து உட்கார்ந்துவிடுவாயா, டார்கெட்தான் முக்கியம் என்று ஊனிவிடுவாயா. மூன்றுமே எனக்குப் பயமாக இருக்கிறது. நடுவிலே இருக்கிறதுதான் ரொம்பப் பயம். ஒரு பிள்ளையைக் கொடுத்தாகிவிட்டது, இருப்பது நீ ஒருத்தன்.

அதனால் சொல்லாமல் செய்யமாட்டேன், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நானும் அஞ்சலையும் வெள்ளிமலைக்கு வருகிறோம். நீ எந்த வீட்டில் வாசப்படி வரைக்கும் ஊன இறங்குகிறாயோ, அந்த வீட்டம்மாவைக் கூப்பிட்டு உன் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். உன் வேலை போனாலும் சொல்லுவேன். என்னைப் பிடித்து இழுத்துப் பஸ்ஸில் ஏற்றினாலும் மறுநாள் வருவேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது நீ என்னை அம்மா என்று கூப்பிடுவாயோ, தெரியாதவள் மாதிரி பார்ப்பாயோ, எனக்குத் தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும் இறங்குவேன்.

உன் அம்மா